கை மறைத்த இலை

இலையைக் கையால் மறைத்த மனிதரின் விரல் சந்தில் நீங்கள் ஜிலேபியைச் சொருகினீர்கள்.

போன வாரம், ராசிபுரத்து மண்டபத்தில், இரண்டாவது பந்தியில். நான் எதிர் வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் "போதுஞ் சாமி, போதும்" என்று இரண்டு கையையும் இலைமேல் விரித்தார். தட்டோடு வந்த பையன் சிரித்துக்கொண்டே, "விசேசத்துல என்னங்க கணக்கு, ஒண்ணே ஒண்ணு" என்று விரல் இடுக்கில் வைத்துவிட்டு நகர்ந்தான். பாகு கையெல்லாம் வழிந்தது. பின்னால் நின்ற சூப்பர்வைசர், "அப்படித்தான்டா, உடாத" என்றான்.

சூப்பர்வைசர், உன்னைத்தான் சொல்கிறேன். பையனை விடு. அவன் நீ சொன்னதைச் செய்தான்.

நம் பரிமாறும் ஆட்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்று கேட்டார்கள். இனிப்பாக எழுதுவேன் என்று நினைத்திருந்தால் ஆள் மாறிக் கேட்டுவிட்டார்கள். நான் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விசேஷங்களில் எச்சில் இலை எடுக்கப் போனவள். பிறகு தண்ணீர் வைத்தேன், சாம்பார் வாளி தூக்கினேன், கடைசியில் ஒரு கூட்டத்தையே வைத்துப் பந்தி நடத்தினேன். முட்டி தேய்ந்தபோது நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இலை. இலையைப் பார்த்தால் அதன் முன்னால் இருப்பவர் யார், ஏன் இப்படிச் சாப்பிடுகிறார் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. இன்றைக்கும் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் என் இலையைவிடப் பக்கத்து இலையைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிழவர். பெயர் வேண்டாம். அவர் சொன்னது ஒன்றுதான்: "மொகத்தப் பாக்காத அம்மிணி. மொகம் வெக்கப்படும், போதும்னு பொய் சொல்லும். எலையப் பாரு. எலை காலியா இருந்தா ஊட்டுக்காரருக்கு அசிங்கம்." அவர் காலத்தில் அது சரி. பந்திக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பசியோடு வந்தார்கள், கேட்கக் கூசினார்கள். நானும் அதையே செய்தேன், அதையே சொல்லிக்கொடுத்தேன். இலை காலியானால் நிரப்பு. அவ்வளவுதான் பாடம்.

அந்தப் பாடம் எங்கே உடைகிறது என்று எனக்குக் காட்டியது ஒரு தீபாவளி. அதைத்தான் எழுதப் போகிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வீடு. பெண்ணுக்குக் கார்த்திகையில் கல்யாணம். பெண்ணின் அப்பா இல்லை, செத்து வெகுகாலம். அம்மா பெயர் சரசு. செத்தவரின் அண்ணன், பெண்ணுக்குப் பெரியப்பா, செல்லமுத்து. அவர்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். தீபாவளி முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு விருந்து, பிறகு குலதெய்வம் கோயிலில் கெடா விருந்து, அப்புறம் கல்யாணம். மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் பேசினார்கள்.

முதல் விருந்திலேயே ஓர் இலை என் கண்ணில் பட்டது. முதல் வரிசை, நடு இலை. அது பெண்ணின் தாய்மாமன் இலை. எங்கள் பக்கம் கல்யாணத்தில் தாய்மாமனுக்கு இருக்கிற மரியாதை மாப்பிள்ளைக்குக்கூட இருக்காது. அந்த இலையை நிரப்பாமல் விட்டால் சண்டையில் போய் முடியும். மாமன் பெயர் தங்கவேல், சரசுவின் தம்பி. போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வருடம் பூராவும் வெளி மாநிலத்தில் துளை போட்டுவிட்டு, மழைக்கு வண்டி திரும்பும்போது தீபாவளிக்கு வீடு வந்து சேருகிற ஆள். முப்பத்தைந்து தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகவில்லை, நல்ல கனத்த உடம்பு.

அவர் சாப்பிட்ட இலையைக் கழுவி வைத்தது என்று சொல்லி இன்னொருவருக்குப் போடலாம். ஒரு பருக்கை கிடையாது. கறிவேப்பிலைகூட இல்லை. காலியானதும் எங்கள் பிள்ளைகள் நிரப்பினார்கள். அவர் கையை வைத்து மறைப்பார், செல்லமுத்து பின்னால் நின்று, "மாமன் எலைய என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க, போடுங்க போடுங்க" என்பார், போடுவார்கள், அவர் அதையும் வழித்துச் சாப்பிடுவார். மறுபடி காலி. மறுபடி போடுவார்கள்.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனேன். தூறல். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பை அந்த மனிதர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேகவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவு சாப்பிட்ட ஆள் கட்டிலைத் தேடாமல் மழையில் எதற்கு நடக்கிறார்? எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, மழையில சுத்தறீங்க? வேண்டுதலுங்களா?"

"வேண்டுதல்தானுங்க்கா." வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இந்தச் சாமியத்தான் சுத்தறேன். கொறைய மாட்டேங்குது."

"கல்யாணத்துக்கு அழகாத் தெரியோணுமாக்கும்? பொண்ணு பாக்கறாங்களா?"

"இந்த வயசுக்கப்புறம் எவ குடுக்கறா? அதுலயும் வயித்த அறுத்துப்போட்டா சுத்தம்." சிரித்தார். அப்புறம் நின்று சொன்னார். "அக்காளுக்கு ஈரல் கெட்டுப்போச்சுங்க. என்ற ஈரல்ல ஒரு பங்கு வெட்டி வெக்கறதாச் சொல்லியிருக்காங்க. ரத்தமெல்லாஞ் சேந்துருச்சு. ஸ்கேன் எடுத்துப்போட்டு, உன்ற ஈரல்ல கொழுப்பேறிக் கெடக்குது, இப்படியே வெட்டுனா உனக்கும் ஆகாது அக்காளுக்கும் ஆகாது, எறக்கிப்போட்டு வான்னு சொல்லிட்டாங்க. கார்த்திகை தீபம் முடிஞ்சொடனே மறுபடி பாக்கறாங்க. பட்டினி கெடக்கக் கூடாது, எண்ணெ, இனிப்பு, சோறு கொறைக்கோணும், நடக்கோணும். அவ்வளவுதானுங்க சொன்னாங்க."

அப்போதுதான் சரசுவைத் திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து சமையல் கொட்டகை ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண். கை குச்சியாக இருந்தது, கால் வீங்கியிருந்தது, கண் மஞ்சள். எண்ணெய் வாடை குமட்டுகிறது என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே மகள் விருந்தை வேடிக்கை பார்த்தாள். பெண் கல்யாணத்தைப் பார்க்காமல் ஆபரேஷனுக்குப் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதமாம். வேறு யாருடைய ரத்தமும் அவளுக்குச் சேரவில்லை. தம்பி ஒருவன்தான்.

"ஊட்டுல சொல்ல வேண்டியதுதானுங்களே, டாக்டர் இப்படிச் சொன்னாங்கன்னு?"

"சொல்லாம இருப்பனாங்க்கா? எல்லாத்துக்கும் தெரியும். தெரிஞ்சதுனாலதான் போடறாங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ராசிபுரத்து அத்தை ஒரு தூக்குச்சட்டி நெய்யோடு வந்து, அறுக்கப் போற உடம்புக்கு நெய் இறங்கியே ஆகணும் என்று சோற்றில் குழி பறித்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டில் எலும்பு சூப். தீபாவளிப் பலகாரம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அதில் அவருக்கென்று தனிப் பொட்டலம். ஈரலைக் கொடுக்கப் போகிற பிள்ளை தெம்பாக இருக்க வேண்டாமா? உறவு மொத்தமும் கூடி அவரைத் தேற்றிக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்ததற்கு அப்புறம் எடை இன்னும் ஏறிவிட்டது என்றார்.

"மிச்சம் வெச்சுட்டு எந்திரிக்க வேண்டியதுதானுங்களே?"

"அதுதானுங்க என்னால முடியறதில்ல. காட்டுக்குள்ள வண்டி சேத்துல மாட்டி, சோத்துக்கு வழியில்லாம கெடந்திருக்கறேன். எலையில மிச்சம் வெச்சா ஒறக்கம் வராதுங்க."

நேராகச் செல்லமுத்துவிடம் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. மாமன் இலையில் குறைத்துப் போடுகிறோம், டாக்டர் சொல்லியிருக்கிறாராம் என்றேன்.

"அம்மிணி, நீ சோறு போட வந்தியா, ஊசி போட வந்தியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "டாக்டரு நோயாளிக்குச் சொல்றத இவனுக்குச் சொல்லிப்போட்டாரு. இவன் என்ன நோயாளியா? செத்துப்போன என்ற தம்பி பொண்டாட்டிக்கு உசுரு குடுக்கறவன். அவனுக்கு நான் சோத்த நிறுத்தறதா? ஊரு காறித் துப்பாதா?"

அவர் கெட்டவர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நன்றியைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கரண்டி நிறைய.

கெடா விருந்துக்கு முந்தின நாள் தங்கவேலுக்கு போன் போட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரப்போகிறாராம், கணக்குச் சரியாகிவிடுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பந்திக்குப் பட்டினியோடு வருகிறவர்கள்தான் முதல் சோற்றிலேயே மலையைக் கரைப்பவர்கள், இதை நான் தினமும் பார்க்கிறேன். "ரெண்டு முட்டைய வேகவெச்சு, ஒரு வெள்ளரிக்காயத் தின்னுபோட்டு வாங்க. பசியோட பந்திக்கு வந்தீங்கன்னா நானே வெளிய தொரத்திருவேன்" என்றேன். தின்றுவிட்டுத்தான் வந்தார்.

அன்றைக்கு அவர் இலைக்குப் பரிமாற என் ஆட்களில் ஒரு பெண்ணைத் தனியாகப் போட்டேன். சின்னக் கரண்டி, கொஞ்சம் சோறு, கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்துக் கறி. சரியாகச் செய்தோம் என்று நினைத்தேன். கொஞ்சமாகப் போட்டால் சீக்கிரம் காலியாகும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. எல்லார் இலையிலும் சோறு இருக்கும்போது மாமன் இலை மட்டும் பச்சையாகப் பளபளத்தது. செல்லமுத்து பார்த்தார். எங்கள் பெண்ணின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

அதோடு போகவில்லை. கெடாவின் ஈரலை வறுத்துத் தனியாக வைத்திருந்தார்கள். "ஈரலு குடுக்கறவனுக்கு ஈரலு வெய்யுங்க, ஈரலு தின்னா ஈரலு ஊறும்" என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னார். பிறகு கேட்கவா வேண்டும்? அவரவர் இலையில் விழுந்த ஈரல் துண்டை எடுத்து மாமன் இலைக்கு அனுப்பினார்கள். வரிசையாகக் கைமாறி வந்தது. ஒரு கிழவி எழுந்து வந்து தன் கையாலேயே ஊட்டினாள், கண்ணில் தண்ணீரோடு. எப்படி வேண்டாமென்பது? எண்ணெய் சொட்டச் சொட்ட அந்த மனிதர் மொத்தத்தையும் தின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர்ச் செம்போடு போனேன். வாந்தி எடுக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

"சோறு போட்டே என்ற அக்காளக் கொன்னுபோடுவாங்க போல இருக்குதுங்க்கா."

எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. நான் மருத்துவம் படித்தவள் அல்ல. அவர் ஈரலில் என்ன இருக்கிறது என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். இலையில் விழுவது என் கையில் இருக்கிறது. அதிலும் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. எந்த இலையில் நாம் மறுபடி போடுகிறோம்? எந்த இலையைத் தாண்டிப் போகிறோம்?

கல்யாணத்துக்கு முன்னால் வேறு இரண்டு மூன்று வேலை இருந்தது. அங்கெல்லாம் வாளியைத் தூக்காமல் சுவரோரம் நின்று பார்த்தேன். என் ஆட்களுக்கு எரிச்சல், "அக்காளுக்கு என்னாச்சு" என்று முணுமுணுத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். வரிசையின் நடுவில் இருப்பவருக்கு அதிகம் விழுகிறது, கோடியில் இருப்பவருக்குக் குறைவு, ஏனென்றால் கோடிக்கு வரும்போது நாம் திரும்புகிற அவசரத்தில் இருக்கிறோம். பேசிக்கொண்டு சாப்பிடுபவர் குறைவாகச் சாப்பிடுகிறார். அவசரமாகச் சாப்பிட்டு முடித்தவர், பெரியவர்கள் எழுந்திருக்கும்வரை எழ முடியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அந்த நேரத்தில்தான் அவர் இலையில் பாயசமும் இரண்டாவது இனிப்பும் ஏறுகின்றன. எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான்: கால்வாசி வைத்துவிட்டு அளைந்துகொண்டிருக்கிறவர் இலையை நாம் தொடுவதே இல்லை. வீணாக்கக் கூடாது என்று ஒழுங்காகச் சாப்பிடுகிற மனிதரைத்தான் திரும்பத் திரும்ப நிரப்புகிறோம். சோற்றுக்கு மரியாதை கொடுப்பவருக்கு நாம் கொடுக்கும் தண்டனை அது. தீபாவளி முடிந்து பொங்கல் வருவதற்குள் சட்டை இறுக்குகிறது என்று அவர் தன் நாக்கைத் திட்டிக்கொள்கிறார். அதில் நம் கரண்டிக்கும் பங்கு இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

சரி, இலை காலியாகாமல் இருந்தால்? கல்யாணத்துக்கு அதைத்தான் யோசித்து வைத்தேன்.

தங்கவேலை முதல் வரிசையில்தான் உட்கார வைத்தேன், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கோடி இலை. பக்கத்தில் ஊர்வம்பு பேசுகிற ஒரு ரிக் ஓனரை உட்கார வைத்தேன், பேச்சு நிற்காது. இலையின் மேல்பகுதி முழுக்கக் கீரைக்கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், வெள்ளரிப் பச்சடி, எல்லாம் இரட்டைப் பங்கு. சோற்றைக் குவிக்காமல் அகலமாகத் தட்டி வைக்கச் சொன்னேன். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வரிசையிலேயே நிறைந்த இலை அதுதான். "காயி மொதல்ல. மெதுவாத் தின்னுங்க. காலியாக்கிப்போட்டு மட்டும் உக்காராதீங்க" என்று காதில் சொன்னேன்.

இனிப்பு ஒரு சிக்கல். வைத்தால் தின்றுவிடுவார், வைக்காமல் விட்டால் சண்டை. இலையில் வைத்ததை எடுக்கவும் முடியாது. அதனால் ஜிலேபியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து அவர் கையில் கொடுத்து, மண்டபம் அதிர, "மாமன் கையால மொத இனிப்பு பொண்ணுக்கு!" என்று கத்தினேன். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பெண்ணைக் கூட்டி வந்தார்கள், மாமன் ஊட்டினார், போட்டோக்காரர் மறுபடி ஊட்டச் சொல்லி எடுத்தார். "நம்ம பக்கத்துப் பழைய மொறைங்க இது" என்று பக்கத்தில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நன்றாகப் போனது. செல்லமுத்து இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, இலை நிறைந்திருப்பதைக் கண்டு தலையை ஆட்டிக்கொண்டு போனார். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அப்போதுதான் அவரே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு அப்பா ஸ்தானத்தில் இருப்பவர் தன் கையால் மாமனுக்குப் பாயசம் ஊற்றப் போகிறார். மேலே முந்திரியும் நெய்யும் மிதந்தன.

"மாப்ள, கைய எடு."

"போதுமுங்க மாமா. நெறஞ்சு போச்சுங்க."

"எடு மாப்ள. நான் ஊத்தி நீ வேண்டாங்கறதா?"

தங்கவேல் இரண்டு கையையும் இலைமேல் விரித்தார். செல்லமுத்து சிரித்துக்கொண்டே கரண்டியைச் சாய்த்தார், சுடச்சுட, கைமேலேயே. சூடு பட்டால் கையை எடுத்துவிடுவார் என்று. நாமெல்லாம் செய்கிற வேலைதானே அது? விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு செய்வோமே. தங்கவேல் கையை எடுக்கவில்லை. பாயசம் புறங்கையில் ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். அவர் பார்த்த பக்கம் சரசு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது கரண்டி வாளிக்குள் போனது.

அது மேலே வருவதற்குள் எனக்கு இருந்த நேரத்தில் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. பந்தியில் பரிமாறுகிறவள் வீட்டுக்காரரைப் பார்த்து வாயைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் அதற்குமேல் வேலை கிடையாது. என்னை நம்பி ஒரு கூட்டமே இருந்தது. அவர்களுக்கும்தான் கிடையாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒரு கரண்டிப் பாயசம், அவ்வளவுதானே? ஒரு கரண்டியால் என்ன ஆகிவிடும்? இந்தக் கேள்வியைத்தான் தீபாவளியிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு அவர் இலையில் ஊற்றியிருந்தார்கள்.

நான் போய் தங்கவேல் கைமேல் என் கையை வைத்தேன்.

"ஊத்தாதீங்கண்ணா. அவரு எலையிலன்னு நெனச்சு ஊத்தறீங்க. அந்தப் புள்ள ஈரல்ல ஊத்தறீங்க." சரசுவைக் காட்டினேன்.

மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "சோறு போட வந்தவளுக்கு வாயப் பாரு" என்று ஒரு குரல். செல்லமுத்துவின் முகம் கறுத்தது. கரண்டியைக் கீழே போடுவாரா என்மேல் வீசுவாரா என்று எனக்கே தெரியவில்லை.

சரசு எழுந்தாள். நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். யாரோ தாங்கப் போனார்கள், கையை உதறினாள். தம்பி இலைக்கு எதிரே வந்து நின்றாள். பாயசம் வழிந்த அவர் கையைத் தன் முந்தானையால் துடைத்து, இலையிலிருந்து விலக்கினாள். பிறகு இலையின் மேல்பாதியைப் பிடித்து, அவர் பக்கமாக மடித்து மூடினாள்.

அவரவர் இலையை அவரவர்தான் மூடுவார்கள். அடுத்தவர் இலையை மூடினால் அவமானம். நான் பார்த்த இத்தனை பந்தியில் ஒருத்தி இன்னொருவர் இலையை மூடியது அது ஒரு தடவைதான்.

"எந்திரி சாமி," என்றாள். "நீ தின்னது எனக்கு நெறஞ்சு போச்சு."

காலையிலிருந்து ஒரு வாய் இறங்காத பெண் அதைச் சொன்னாள்.

தங்கவேல் எழுந்து கை கழுவப் போனார். செல்லமுத்து வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, "மத்தவங்களுக்கு ஊத்து. கேட்டுப்போட்டு ஊத்து" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நெய்யோடும் அதிரசத்தோடும் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தியது அவர்தான். "அது அவங்கக்கா மூடுன எலை. எடுத்துக்கிட்டுப் போங்க" என்பாராம். ராசிபுரத்து அத்தையின் தூக்குச்சட்டியும் திரும்பிப் போனது. விடியற்காலையில் ஏரிக்கரையில் தங்கவேலோடு அவரும் நடந்தார், தனக்கும் தொப்பை இருப்பது அப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிக்கொண்டு.

கதை அதோடு சுபமாக முடிந்துவிடவில்லை. தீபம் முடிந்து பார்த்தபோது, இறங்கியிருக்கிறது, இன்னும் போதாது என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலையும் தாண்ட வேண்டியதாயிற்று. சர்க்கரைப் பொங்கல், கரும்பு, மாட்டுப்பொங்கல் கறி, தை மாதத்துக் கல்யாணங்கள், எல்லாவற்றையும். சரசுவுக்கு நாளுக்கு நாள் முடியாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரங்களில் எந்தப் பந்தியில் வாளி தூக்கினாலும் எனக்கு அந்த வீட்டு நினைப்புத்தான். தை முடிகிற சமயத்தில் தங்கவேல் போன் செய்தார். "வெட்டறாங்களாமுங்க்கா" என்றார், லாட்டரி விழுந்தவர் மாதிரி.

சரசு இன்று இருக்கிறாள். பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு போனில் பேசுவாள். தங்கவேல் மறுபடி ரிக்குக்குப் போகிறார். அவருக்குப் பெண் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாக வந்த பிள்ளைகளே, அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் என் ஆட்களிடம் நான் கேட்டது கொஞ்சம்தான். கரண்டியைச் சாய்ப்பதற்கு முன்னால் கேள். காயை முதலில் வை, நிறைய வை. இனிப்பை யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு வை. பசியோடு வந்து கேட்கக் கூசுகிறவர் இன்றைக்கும் இருக்கிறார், அவர் கையை விரிக்க மாட்டார், அவர் இலையைப் பார்த்துப் போடு. கையை விரித்தவரின் கையைப் பார். வீட்டுக்காரர் கத்தினால் என்னைக் கூப்பிடு, நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு வேலை குறையவில்லை, கூடியது. நம்பாவிட்டால் போங்கள்.

போன வார மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. சர்க்கரை உள்ளவரோ, நெஞ்சில் அடைப்பு உள்ளவரோ, தீபாவளியிலிருந்து கட்டுப்பாடாக இருந்து அன்றைக்குத்தான் வெளியே சாப்பிட வந்தவரோ, சும்மா வயிறு நிறைந்தவரோ. யாராக இருந்தாலும் போதும் என்று சொன்னார். விரல் இடுக்கில் இருந்த ஜிலேபியைக் கீழே போட மனமில்லாமல் தின்றார். தின்றதை நான் பார்த்தேன்.

ஆண்டுக் கூட்டம் அதே மண்டபத்தில்தான் என்று சொல்கிறார்கள். முட்டி எப்படி இருந்தாலும் வருவேன், முன் வரிசையில் உட்காருவேன். சூப்பர்வைசர், மேடைக்கு வா. மைக்கைப் பிடி. உன் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது எனக்குப் பதில் சொல். அந்த மனிதர் எதற்காகக் கையை விரித்தார் என்று கேட்டாயா? கேட்கவில்லை என்றால், "உடாத" என்று எந்தத் தைரியத்தில் சொன்னாய்?